துமினி பெயரில் ஒரு கார்

காராங்வேலூ, டெமாக்
16 ஜனவரி 2023

அண்ணாவுக்கு,

துமினி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பேனா பிடித்து எத்தனையோ காலமாயிற்று. போன் செய்து பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போடலாம் என்றால் உங்கள் போன் பாதி நேரம் அண்ணி கையில் இருக்கிறது. இதை அண்ணி பார்க்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை தபால்காரர் வந்தார். கடல் தண்ணீர் எங்கள் வாசற்படி வரை ஏறியிருந்த நேரம். அந்த மனுஷன் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து போலீஸ் முத்திரை போட்ட ஓர் உறையை நீட்டினார். என் பெயர்தான், என் விலாசம்தான். பிரிக்கப் பயமாக இருந்தது. அவரையே பிரித்துப் படிக்கச் சொன்னேன். திலாங்காம், போக்குவரத்து அபராதச் சீட்டு. செமாராங் சாலையில் கேமரா பிடித்ததாம். வெள்ளைக் கார், ஓட்டுகிறவர் பெல்ட் போடவில்லை, போனும் பேசுகிறார், வண்டியின் உரிமையாளர் துமினி.

“கார எங்கக்கா நிறுத்தியிருக்க? தண்ணிக்குள்ளயா?” என்று தபால்காரர் கேட்டார். பக்கத்து வீட்டு ரொக்கயா அக்கா, “அத மீன்தான் ஓட்டுது” என்றாள். தெருவே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய.

படத்தை உள்ளே போய்த்தான் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள். காதில் போன், வாய் திறந்தபடி. பிள்ளைகளிடமிருந்து போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற தலைமையாசிரியர் ஆயிற்றே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அந்தக் கார் விஷயம் ஞாபகம் வந்தது. இரண்டாவது காரும் உங்கள் பெயரிலேயே இருந்தால் வரி கூடுதல் என்று என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போனீர்களே, அந்தக் கார். சாயங்காலமே அட்டையைத் திருப்பித் தந்துவிட்டதால் நானும் அதை மறந்துவிட்டேன். காரை இன்றுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

வண்டி என்னுடையதுதானா, ஓட்டியது யார் என்று நான் பதில் சொல்லவேண்டுமாம். சொல்லாவிட்டால் வண்டியை முடக்கிவிடுவார்களாம். நான் என்ன சொல்லட்டும் அண்ணா? கட்டிய புருஷன் கஸ்மினிடம்கூட இன்னும் காட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலே அவருக்கு அன்றைக்கு முழுவதும் படுக்கைதான். இதையும் சொல்லிக் கெடுப்பானேன் என்று உறையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இப்போது உங்களுக்கே அனுப்பிவிட்டேன்.

துமினி

*

செமாராங்
21 ஜனவரி 2023

தங்கை துமினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துப் பிழைகள் இருந்தாலும் விஷயம் விளங்கியது. பள்ளி விலாசத்துக்கு அனுப்பியது சரி. இனியும் அப்படியே செய். உறையின் மேல் ‘தனிப்பட்டது’ என்று எழுது. போன் வேண்டாம், குடும்பக் குழுவில் இதைப் பற்றி மூச்சுகூட விடவேண்டாம்.

போலீசுக்கு உன் பெயரில் நானே பதில் அனுப்பிவிட்டேன். அபராதமும் கட்டியாயிற்று. அன்று நான் பேசிக்கொண்டிருந்தது பள்ளி விஷயம். அவசரம். எல்லோருக்கும் நேர்வதுதான்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மாவட்டக் கல்வி அலுவலகத் தலைவர் பதவிக்கு என் பெயர் இறுதிப் பட்டியலில் இருக்கிறது. சொத்து விவரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு கார்தான். இன்னொன்று உன் பெயரில் இருப்பதால் அதைக் காட்டவேண்டிய அவசியமில்லை. இப்போது போய்ப் பெயரை மாற்றினால், இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று கேட்பார்கள். ஆகவே சில மாதங்கள் பொறுத்துக்கொள். உனக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. தெருக்காரர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கஸ்மினைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். உப்பைக் குறைக்கச் சொல்.

ஹர்சோனோ

*

காராங்வேலூ
20 பிப்ரவரி 2023

அண்ணாவுக்கு,

ஒரு நஷ்டமும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படியே நம்பினேன்.

இந்த உறைக்குள் இருப்பது இரண்டாவது திலாங். சிக்னலில் கோட்டைத் தாண்டி நிற்கிறீர்கள். பெல்ட் போட்டிருக்கிறீர்கள், அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் நான் எழுத வந்தது இதைப் பற்றி இல்லை.

வியாழக்கிழமை கஸ்மினை வழக்கம்போல டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த பெண் காப்பீட்டு அட்டையைத் தேய்த்துப் பார்த்தாள், திரும்பவும் தேய்த்தாள். “அம்மா, இது வேலை செய்யல” என்றாள். மெஷின் கோளாறாக இருக்கும் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, அரசாங்கம் பணம் கட்டுகிற ஏழைகள் பட்டியலிலிருந்து எங்கள் குடும்பத்தை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். என்ன காரணம் என்று கேட்டேன். “கார் இருக்குன்னு காட்டுது.” வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் காதில் அது விழுந்தது. மாசக்கணக்காக எங்களோடு பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர்கள் அண்ணா. நான் சுட்டு விற்கும் கடலைப் பெயெக் வறுவலைக் கட்டிக்கொண்டுவந்தால் வாங்கித் தின்கிறவர்கள். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். காரை வைத்துக்கொண்டு ஏழை அட்டையில் படுக்கிறாளே என்று நினைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்றைக்கு டாக்டர் இரக்கப்பட்டு ஒருமுறை மட்டும் செய்து அனுப்பினார்.

மறுநாள் கிராம அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு தாளைக் காட்டினார்கள். போன மாதக் கடைசியில் விவரம் சரிபார்க்க எங்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார், அவர் எழுதிய தாள். மேடானிலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனுஷன். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். வீடு சொந்தம், தரை சிமெண்ட், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு வெள்ளைக் கார். படிக்கப் படிக்க நான் ‘இங்கிஹ், இங்கிஹ்’ என்றுகொண்டே இருந்தேன். மரியாதைக்குரியவர் பேசும்போது வேறெப்படி இருப்பது? ஐயா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதானே அதற்கு அர்த்தம். கார் என்றபோது, அது என்னுடையது இல்லை என்று வாய் வரை வந்தது. ஆனால் அவர் பேச்சின் நடுவில் குறுக்கே விழுந்து எப்படிச் சொல்வது? முடிக்கட்டும், பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று அதற்கும் இங்கிஹ் என்றேன். அவருக்குத் தெரிந்த ஜாவா மொழி கொஞ்சம்தான். அவருக்கு இங்கிஹ் என்றால் ஆமாம்தான். ‘உரிமையாளர் ஒப்புக்கொண்டார்’ என்று எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நீங்கள் யாரிடமும் சொல்லாதே என்றதும் மனதில் இருந்தது. அதனால் நானும் பின்னால் ஓடவில்லை.

அண்ணா, காரை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நான் உங்களிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கஸ்மினுக்கு வாரம் இரண்டு தடவை அந்த மெஷின் இல்லாவிட்டால் ஆகாது.

துமினி

*

செமாராங்
25 பிப்ரவரி 2023

தங்கைக்கு,

நடந்தது வருத்தமானது. மறுக்கவில்லை. ஆனால் உணர்ச்சிவசப்படாமல் யோசிக்கவேண்டிய நேரம் இது.

எதற்கெடுத்தாலும் இங்கிஹ் சொல்லாதே என்று சின்ன வயதிலிருந்தே உனக்குச் சொல்லிவருகிறேன். அந்த அதிகாரியிடம் ‘ஐயா, ஒரு நிமிஷம்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? போகட்டும். நடந்தது நடந்துவிட்டது. கார் உன்னுடையது என்று நீயே ஒப்புக்கொண்டதாக அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது. இனி அதை மாற்றப் போனால் நீ பொய் சொன்னதாக ஆகும், நானும் மாட்டிக்கொள்வேன்.

ஆகவே இத்துடன் முத்திரை ஒட்டிய ஒரு தாள் வைத்திருக்கிறேன். வெள்ளைக் கார் பெயெக் வியாபாரத்தில் வந்த வருமானத்தில் நீ வாங்கியது, அதை அண்ணனுக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறாய், அவ்வளவுதான். முத்திரையின் மேல் படும்படி கையெழுத்துப் போட்டு அனுப்பு. தேர்வுக் குழுவிலிருந்து யாரோ அந்தக் காரைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். திலாங் படத்தில் என் முகம் இருக்கிறதே. இந்தத் தாள் கையில் இருந்தால் கேள்வியே எழாது.

கஸ்மின் சிகிச்சைக்கு உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். பதவி கைக்கு வரும்வரை அது என் பொறுப்பு. வந்தபின் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். நம் அப்பாவின் பிள்ளைகளில் ஒருவனாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான் என்றால் உனக்கும் அது பெருமைதானே.

ஹர்சோனோ

*

காராங்வேலூ
1 மார்ச் 2023

அண்ணாவுக்கு,

தாளில் கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்புகிறேன்.

நீங்கள் போட்ட பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அதை வைத்துத்தான் திங்கட்கிழமை கஸ்மினைப் படுக்கவைத்தேன். மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, முகமெல்லாம் வீங்கிவிட்டது, என்னால் வீம்பு பிடிக்க முடியவில்லை. உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டே உங்கள் காசை எண்ணிக் கவுண்டரில் கட்டினேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பெயெக் வியாபாரத்தில் வாங்கிய காராம். தாளைக் கஸ்மினிடம் வாசித்துக் காட்டினேன், வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. “அண்ணாவுக்கு ரொம்பப் பெரிய மனசுடி. கடலைய நம்பி உனக்குக் காரே வாங்கிக் குடுத்திருக்காரு” என்றார். சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டே அழுதேன்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அந்த மேடான்காரருக்கு நம் பேச்சு தெரியாது. என் இங்கிஹை ஆமாம் என்று எழுதிக்கொண்டார், அவர் மேல் தப்பில்லை. உங்களுக்குத் தெரியாதா? நாம் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அப்பா திட்டும்போது எத்தனை இங்கிஹ் சொல்லியிருக்கிறோம். அதில் ஒன்றாவது ஆமாமா? அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த நீங்களே, ‘நீயே ஒப்புக்கொண்டாய்’ என்று எழுதுகிறீர்கள். கடிதத்தில் அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

நீங்கள் அட்டையைக் கேட்ட அன்றும் நான் இங்கிஹ் என்றேன். மனசில் வேண்டாம் என்றுதான் இருந்தது. படிக்கவைத்த அண்ணன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று கொடுத்தேன். கொடுத்தது என் தப்புதான். அதை நான் மறைக்கவில்லை.

வரும் புதன்கிழமை கிராம அலுவலகத்தில் ஆட்சேபணை கேட்கிறார்கள். அன்றைக்குக் கார் யாருடையது என்று சொல்லாவிட்டால் எங்கள் பெயர் போனது போனதுதானாம். நான் போவேன். உங்கள் பெயரைச் சொல்ல வாய் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தாலும் வெட்கம், வராவிட்டால் கஸ்மின் இருக்கமாட்டார். நீங்கள் வந்து சொன்னால் நான் சொல்லவேண்டியிருக்காது.

துமினி

*

காராங்வேலூ
10 மார்ச் 2023

அண்ணாவுக்கு,

நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைசி வரிசையில், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் நீங்கள் உள்ளே வந்தீர்கள். பத்திக் சட்டை, பள்ளிக்கூட அடையாள அட்டை கழுத்தில் தொங்கியபடி. அதைக் கழற்றவாவது தோன்றக்கூடாதா அண்ணா? மேஜைக்குப் பின்னால் இருந்த அலுவலகப் பையன் ஃபௌசான் உங்களிடம் படித்தவனாம். சட்டென்று எழுந்து உங்கள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் விஷயம் தெரிந்ததும் அந்தப் பையன் உங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, “சார், நீங்களே உங்க கையால எழுதிக் குடுத்துடுங்க” என்றான்.

நீங்கள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னீர்கள்: “கார் என்னோடது. தங்கச்சி அட்டைய வாங்கினது நான். அவ சொன்ன இங்கிஹ் ஆமாம் இல்ல. அது எனக்குத் தெரியும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ரொக்கயா அக்காகூட. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் குனிந்து எழுதியபோது உங்கள் பின்கழுத்து தெரிந்தது, முடி நரைத்துப் போயிருக்கிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். உங்களை அங்கே அப்படி நிற்கவைத்தது நான்தான் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. நீங்கள் திரும்புவதற்குள் பக்கவாசல் வழியாக வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

நீங்கள் வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரியும். வாசலில் சலாம் சொன்னீர்கள். பின்கதவைத் திறந்துகொண்டு ரொக்கயா அக்கா அடுக்களையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் பெயெக் சுட்டுக்கொண்டிருந்தாள், கரண்டியை என் கையில் கொடுத்தாள். நீங்கள் போனபிறகுதான் திரும்பி வந்தேன். சொந்த அண்ணன் செமாராங்கிலிருந்து வந்திருக்கிறார், ஒரு வாய் டீ கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. இப்படி ஒரு மரியாதைகெட்ட காரியத்தை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை. கஸ்மினிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார் என்கிறார். வேறொன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்.

அட்டை அடுத்த மாதம் திறந்துவிடுமாம். அதுவரை கிராம அலுவலகத்துக் கடிதத்தை வைத்து ஆஸ்பத்திரியில் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர் நேற்று நன்றாகத் தூங்கினார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுத வருகிறது. எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று யோசித்தால் டீ கொடுக்காததற்கு மட்டும்தான். மற்றதற்கு இல்லை.

துமினி

*

செமாராங்
14 மார்ச் 2023

துமினிக்கு,

காரை என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி திலாங் வந்தால் என் வீட்டுக்கு வரும். பதவிக்கான பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள், அவர்கள் எடுப்பதற்கு முன் நானே விலகியதாகப் பள்ளியில் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்தான். பழக்கம் உடனே போகாது போலிருக்கிறது. உன் அண்ணி மூன்று நாட்களாகப் பேசவில்லை. பதவி போனதற்காக இல்லை. கஸ்மின் அட்டை முடங்கியதை நான் வீட்டில் சொல்லவே இல்லை என்பதற்காக.

உன் வீட்டுக்கு வரும்போது என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் தயார்செய்துகொண்டு வந்தேன். பின்பக்கம் கதவு திறப்பதும், நீ தண்ணீரில் இறங்கி நடக்கும் சத்தமும் கேட்டது. வருத்தப்படாதே, உன் இடத்தில் நான் இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன். உண்மையில் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படியே திரும்பிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். அப்போது உள்ளேயிருந்து கஸ்மின் கூப்பிட்டான்.

“வாசலோட போயிட்டீங்கன்னா துமினிகிட்ட நான் என்னண்ணா சொல்றது?”

டீ கொடுக்க ஆளில்லை என்று எழுதியிருக்கிறாய். இருந்தது. அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து அடுக்களைக்குப் போனான். வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. பெரிய கண்ணாடித் தம்ளரில், விளிம்பு தொட, சர்க்கரை தூக்கலாகப் போட்டு என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். ஒன்றுதான். உனக்கு எங்கே என்று கேட்டேன்.

“எனக்கு அளவுண்ணா. இன்னைக்குக் குடிக்கவேண்டியதக் காலைலயே குடிச்சு முடிச்சிட்டேன். தண்ணி ஏறினா நுரையீரல்ல போய் நிக்கும். நீங்க குடிங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அவனுக்குத் தண்ணீர் அளவுதான் என்று எனக்குத் தெரியாது. உப்பைக் குறைக்கச் சொல் என்று உனக்கு உபதேசம் எழுதியவன் நான்.

வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்தால் அவனை அவமதித்ததாகும். குடித்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. அவன் எதிரே உட்கார்ந்து தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அவன் தொண்டையும் ஏறி இறங்கியது. காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டான். போதும் என்றேன். தயார்செய்துகொண்டு வந்த பேச்சில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

முடித்ததும் தம்ளரை நான் கழுவுகிறேன் என்றேன். விடவில்லை, தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கை ஈரமாக இருந்தது. அந்த விரல்களை மெதுவாக உதட்டில் வைத்துத் தடவிக்கொண்டான். நான் அதைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் அண்ணன்
ஹர்சோனோ